வீட்டுக்கு எடுத்து வைக்காத குதிரைவாலி

இன்று காலை பல்கலைக்கழகக் கூட்ட அரங்கில் தேநீரோடு ஆளுக்கொரு குதிரைவாலி உருண்டை வைத்தார்கள். வறுத்த குதிரைவாலியும் வெல்லமும் சேர்ந்த வாசனை. பக்கத்தில் இருந்தவர்கள் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். நீ இருந்திருந்தால் எல்லோர் முன்னிலையிலும் ஏதாவது கேட்டு வைத்திருப்பாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

கிருஷ்ணன்கோவிலில் இருக்கும் நம் பல்கலைக்கழகத்துக்கு நாம் ஒரே காலேஜ் பஸ்ஸில் போய்வந்தோம். நான் ராஜபாளையத்தில் ஏறி உனக்கு இடம் பிடித்து வைப்பேன், நீ மடவார் வளாகம் பக்கம் ஏறுவாய். நான் பயிர் பார்க்கிறவள். நீ வீடு வீடாகப் போய் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்கிறவள். மண்ணுக்கு ஒருவர், கம்ப்யூட்டருக்கு ஒருவர் என்று பல துறை சேர்ந்து வருங்காலத்து உணவை ஆராயும் திட்டம் வந்தபோது உன்னை அதில் இழுத்துவிட்டது நான்தான். தலைமையும் என்னிடமே வந்தது.

வ. புதுப்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டில் சில குடும்பங்கள் நமக்காகக் குதிரைவாலி விதைத்தார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. களத்தில் தானியத்தைத் தூற்றியதும் வீட்டுப் பெண் முதலில் வீட்டுக்கென்று அள்ளி ஓரமாக வைத்துவிடுவாள், மிச்சம்தான் மூட்டைக்கு. அளவெல்லாம் கிடையாது, அவள் கைதான் அளவு. எனக்கு அது பெரிய தலைவலி. விளைச்சல் எவ்வளவு என்று சரியாகத் தெரியாமல் என்ன ஆராய்ச்சி? எடை போடும்வரை ஒருத்தரும் ஒரு பிடி எடுக்கக் கூடாது என்று விதி எழுதினேன். எடை போட்டதும் மூட்டையைத் தைத்து, களத்தடியில் நிற்கும், தானியத்தை வாங்கும் கம்பெனியின் லாரியில் ஏற்றிவிட வேண்டும். வீட்டுப் பங்கு இதில் எங்கே வரும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அறுவடை முடிந்து மூன்று மாதம் கழித்து நீ உன் கேள்வித்தாள்களோடு போனாய். ஏழு நாளும் வீட்டில் என்ன சமைத்தார்கள், சமைக்காவிட்டால் என்ன காரணம் என்று எழுதும் தாள். எல்லா வீட்டிலும் ரேஷன் அரிசிதான். குதிரைவாலிக் கட்டத்தில் சைபர். ஒரு அக்கா சொன்னதை நீ பஸ்ஸில் அப்படியே சொல்லிக் காட்டினாய்: "நீங்கதானம்மா அள்ளக் கூடாதுன்னீங்க. லாரிக்காரன் செத்த நேரங்கூட நிக்கல. இப்பம் எம் மருமவ பிள்ளைக்குக் கஞ்சி காச்சக் கேக்கா, நான் எங்க போவேன்?"

நீ கேட்டது பெரிய விஷயமில்லை. விதியில் ஒரு வரி மாற்ற வேண்டும், அறிக்கையில் ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். நடுவில் மாற்றினால் இரண்டு வருஷத்து விளைச்சலையும் ஒப்பிட முடியாது என்று நான் மறுத்தேன். உண்மையில் என் பயம் வேறு. உணவுப் பாதுகாப்பு என்று போன நாமே அந்த வீடுகளின் பானையைக் காலி செய்தோம் என்று நம் கையால் எழுதிக் கொடுத்தால் திட்டத்தின் அடுத்த கட்டத்துக்குப் பணம் கிடைக்காது. உன் பக்கத்தைக் கடைசியில் பிற்சேர்க்கையாகப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அதையும் போடவில்லை.

நீ கத்தவில்லை. "ஏட்டி, எம்புட்டு வெளைஞ்சிச்சின்னு ஒனக்குத் தெரியும். எம்புட்டுத் திங்காகன்னு தெரிய வேண்டாமா?" என்றாய்.

அது உன் துறை என்றேன். அன்றோடு ஏட்டி போயிற்று. மறுநாளிலிருந்து நான் உனக்கு மேடம். நான் பிடித்து வைத்த இடத்தைத் தாண்டிப் பின்னால் போய் உட்கார்ந்தாய். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது, ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. அப்புறம் காய்ச்சல் என்று லீவு போட்டாய். நாலாம் நாள் நீ இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நமக்குள் கடைசியாக நடந்த பேச்சு வருகைப் பதிவேட்டைப் பற்றியது.

அறிக்கைக்கு நல்ல பெயர், இரண்டாம் கட்டம் கிடைத்துவிட்டது. இன்றைய கூட்டம் அதற்குத்தான். வீட்டுப் பங்கைத் தனியாக எடை போட்டு அவர்களிடமே விட்டுவிட வேண்டும் என்று நானே முன்மொழிந்தேன். நல்ல யோசனை மேடம் என்று கைதட்டினார்கள். அது உன் யோசனை என்று நான் சொல்லவில்லை. சொன்னால், முன்பே ஏன் செய்யவில்லை என்று கேட்பார்கள். இப்படிப்பட்டவளுக்குத்தான் நீ தோழியாக இருந்தாய்.

போன மாதம் உன் வீட்டுக்காரர் கேள்வித்தாள் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு தாளிலும் காரணம் என்ற இடத்தில் உன் கையெழுத்து: 'அள்ள விடவில்லை.' அடியில் ஒரு தாள் என் பெயரில் இருந்தது. நாம் பேசிக்கொண்டிருந்த நாட்களில், இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன என்று சும்மா கேட்பாயே, அதையெல்லாம் எழுதியிருக்கிறாய். இட்லி, சாம்பார், புரோட்டா. குதிரைவாலிக்கு நேராகச் சைபர். காரணத்தை மட்டும் நிரப்பாமல் எனக்கு விட்டிருக்கிறாய்.

எங்கே போனாலும் அந்தத் தாள் என்னோடு வருகிறது. காரணம் ஒன்றும் பெரிதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அது பிடிக்காது. இந்த ஒரு வரியை உன் தாளில் எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.