வள்ளியம்மை ஏறாத கப்பல்

சாம்பல்தீவு
09.06.2024

கனகசுந்தரம் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. தொலைபேசியில் கதைத்தால் ஏசிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நேற்று அச்சகத்துக்குப் போனேன். முதலாளி ஜெமீல் அச்சுப்படியை நீட்டி, "ரீச்சர், கடைசில வள்ளியம்மை கப்பல்ல ஏறிட்டாள்தானே. எனக்குக் கண் கலங்கிட்டு" என்றார். நான் எழுதிய வள்ளியம்மை ஏறவில்லை. தன் ஊரான சல்லியின் கரையில் நின்று, "நீர் போம். நான் வரமாட்டன்" என்றாள்.

அமெரிக்கரின் விடுதலைப் போர் 1782இல் பிரெஞ்சுக் கப்பல்களோடு நம் துறைமுகத்துக்கும் வந்ததே, அதை வைத்துக் காதல் நாவல் எழுதுவோம் என்றீர்கள். காரைக்கால் கப்பல் தச்சன் சவரிமுத்துவின் அத்தியாயங்கள் உங்களுக்கு. வள்ளியம்மையின் அத்தியாயங்கள் எனக்கு. ஒருவர் எழுதியதில் மற்றவர் கை வைப்பதில்லை என்பது பேச்சு. எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று வாங்கிப்போய், அவளை வேறு ஆளாக்கிவிட்டீர்கள்.

பழையபடி மாற்றாவிட்டால், என் அத்தியாயங்கள் அந்தப் புத்தகத்தில் இருக்காது.

கமலாதேவி


திருகோணமலை
12.06.2024

மதிப்புக்குரிய ரீச்சருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. முழுவதும் நியாயமோ என்பதில் எனக்குத் தெளிவில்லை. காரணங்களை ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலாவது, கோட்டையைப் பிடித்த பிறகு பிரெஞ்சுக் கடற்படை இங்கே அதிக நாள் தங்கவில்லை. சவரிமுத்து திரும்பி வருவான் என்று சொல்ல இடமில்லை. இரண்டாவது, காயம்பட்டவனை மீன் வாடிக் குடிலுக்குள் ஒளித்து, அதற்காகத் தமையனிடம் அடிவாங்கியவள் அவள். அப்படிப்பட்டவள் வரமாட்டேன் என்பது வாசகருக்கு ஒட்டாது. மூன்றாவதை எழுதி வெட்டிவிட்டேன்.

அவன் தனியே கப்பலேறுவதை என்னால் வாசிக்க முடியவில்லை. ஒரு வரியைத்தான் மாற்றினேன். மற்ற வரிகள் அதற்கு ஒத்துவரவில்லை; அவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை வந்தேன். உங்கள் வீட்டு வாசல் படலை பூட்டியிருந்தது.

பணிவுடன்
க. கனகசுந்தரம்


சாம்பல்தீவு
15.06.2024

கனகசுந்தரம் அவர்களுக்கு,

படலையைப் பூட்டியது நான்தான்.

கடற்படைக் கதை வேண்டாம். மாசியில் மகள் தயாளினி வந்தபோது, "அம்மா, அந்த ஐயா நாவலுக்குத்தானோ ஒவ்வொரு சனியும் வாறவர்?" என்று பகிடி பண்ணினாள். எனக்கும் தெரியும். என்னைக் கல்யாணம் கட்டக் கேட்கத்தான் வாயெடுப்பீர்கள். பிறகு கொட்டியாரக் குடாவின் ஆழம் எவ்வளவு என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவீர்கள்.

கேட்கவே பயப்படும் மனிதரை முகத்துக்கு நேரே மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் கடைசி அத்தியாயத்தை அப்படி எழுதினேன். வள்ளியம்மைக்கு அவனில் விருப்பம்தான். ஆனால் தன் கரையை விட்டுப் போக ஏலாது. அது உங்களுக்கு நான் தந்த பதில். வாசித்தீர்கள், விளங்கிக்கொண்டீர்கள். பிறகு அதை வெட்டி, உங்களுக்குப் பிடித்த பதிலை என் பெயரில் எழுதினீர்கள்.

என் கணவர் உயிரோடு இருந்த காலமெல்லாம் எனக்காக அவரே முடிவெடுத்தார். இனி அந்த வேலைக்கு ஆள் தேவையில்லை.

கமலாதேவி


திருகோணமலை
19.06.2024

ரீச்சருக்கு,

அச்சை நிறுத்தச் சொன்னேன். "விக்கிற முடிவை ஆராவது மாத்துவாங்களா ஐயா?" என்று ஜெமீல் சினந்தார். மாற்றத்தான் வேண்டும் என்றேன். நீங்கள் எழுதியபடியே, ஒரு காற்புள்ளியும் தொடாமல் போகிறது.

அட்டையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லப் போனேன். அதுவும் உங்களைக் கேளாமல் செய்வதாகிவிடும் என்று வாசலில் நின்றுவிட்டேன். எனவே கேட்கிறேன். எடுக்கட்டுமா?

மற்றதை இனிக் கேட்க மாட்டேன்.

கனகசுந்தரம்


சாம்பல்தீவு
22.06.2024

கனகசுந்தரம் அவர்களுக்கு,

எடுக்க வேண்டாம். சவரிமுத்துவை எழுதியது நீங்கள்தான், நன்றாகவே எழுதினீர்கள்.

வெளியீட்டுக்கு வருவேன். மேடையில் நம் இருவரின் கதிரைகளுக்கும் நடுவில் ஜெமீலை இருத்துங்கள். சனிக்கிழமைகளில் இனி வரவேண்டாம்.

கமலாதேவி