திவானின் மேஜையில் தங்காத மனு

ஏப்ரல் 6, 2004. முசஃபா

என் லீவு மனு மேனேஜர் சேதுராமன் சாரின் மேஜையில் கிடக்கிறது. வைகாசியில் கல்யாணம். எனக்குத்தான்.

‘பார்க்கலாம்பா. நீ வரலாறு எம்.ஏ.தானே? எங்க கொள்ளுத் தாத்தாவைப் பத்தி எழுதிக் குடு. தமிழ்ச் சங்க மலர்ல போடணும். அப்புறம் பேசுவோம்.’

கொள்ளுத் தாத்தா: திவான் பகதூர் வேதாசலம். மருதவனம் சமஸ்தானத்து திவான்.

ரூமில் சொன்னேன். நூஹு பாய், எங்கள் கம்பெனியில் அரபி டைப் அடிப்பவர், படுத்தபடியே கேட்டார்: ‘திவானா? ஹால்ல போட்டு மதியம் தூங்குவாங்களே, அதா?’

ஏப்ரல் 9

சார் கொடுத்த ஜெராக்ஸ் முழுக்கப் படித்தேன்.

ஜமீன் வீட்டுப் பிறப்பு. லண்டனில் பாரிஸ்டர். திரும்பும்போது கப்பலில் ஒரு பியானோ, வாசிக்கத் தெரியாது. மூன்று ராஜாக்களுக்கு திவான். வெள்ளைக்காரத் துரைகளுக்கு இவர் செல்லம். ஏன்? மருதவனத்திலிருந்து ஒரு புகார்கூட அவர்களுக்குப் போனதில்லை. ஏரி உடைந்தது என்று மனு வரும். ‘பரிசீலனையில்’ என்று எழுதி உள்ளறை அலமாரிக்கு அனுப்புவார். வரியைக் குறைக்கக் கேட்டால் — அலமாரி. பஞ்சம் — அலமாரி. கடைசியில் சர் பட்டம்.

சும்மா இருப்பதற்கு இவ்வளவு உழைத்தவரை நான் படித்ததில்லை.

கொள்ளுப் பேரனுக்கு அவர் மூக்கு மட்டுமா வந்திருக்கிறது?

ஏப்ரல் 12

தாமரை போனில். ‘உங்க போட்டோவை மணையில வெச்சுக் கட்டிக்கவா?’ சிரிக்கவில்லை. இந்த முகூர்த்தம் தவறினால் அவள் அப்பா வேறு இடம் பார்ப்பாராம்.

நான் என்ன பண்றது? யார் காலைப் பிடிக்கிறது?

ஏப்ரல் 13

ஒரு வாக்கியம் எழுதினேன். ‘எந்த மனுவும் திவானின் மேஜையில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை.’

பொய்யா? இல்லையே. பொழுது சாய்வதற்குள் அலமாரிக்குப் போய்விடும்.

ஏப்ரல் 19

சார் படித்தார். கண் கலங்கிவிட்டது. ‘பிரமாதம்பா.’

லீவு?

‘பார்க்கலாம்.’

ஏப்ரல் 30

தமிழ்ச் சங்க விழா. சிறப்பு விருந்தினர் எங்கள் கஃபீல் — கம்பெனி முதலாளி. அரபி மட்டும் தெரிந்தவர். சார் மேடையில் கட்டுரையைப் படிக்கப் படிக்க, நூஹு பாய் அவருக்கு அரபியில் சொன்னார்.

‘திவான்’ என்றதும் கஃபீல் நிமிர்ந்தார். இந்த ஊரில் அது ஷேக்கின் அலுவலகம். குறையோடு போகிறவன் பதிலோடு திரும்பும் இடம். என் வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். எழுந்துபோய் சாரைக் கட்டிக்கொண்டு ஏதோ கேட்டார்.

நூஹு பாய் முகத்தை மிகவும் சாதுவாக வைத்துக்கொண்டார். ‘உங்க மேஜையிலயும் ஒண்ணும் தங்காதுல்லன்னு கேக்குறாரு.’

மைக் ஆனில் இருந்தது.

‘தங்காது,’ என்றார் சார்.

‘அப்ப இந்தத் தம்பியோட லீவு என்னாச்சுன்னும் கேக்குறாரு.’

கஃபீல் அப்போது பேரீச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதையும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

மே 1

கையெழுத்தாகிவிட்டது. சார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் அறைக்கு வெளியே வெல்டர்கள், டிரைவர்கள், வரிசையாக. எல்லார் கையிலும் லீவு மனு. சாரைப் பார்த்து ‘சலாம், திவான் சாப்’ என்கிறார்கள்.

மே 27. சிவகங்கை

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

பந்தியில் நூஹு பாய். தன் ஊர் கீழக்கரையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். உங்களுக்கு எப்படி லீவு கிடைச்சுது பாய்?

‘ஏன், நான் மனு குடுக்கக்கூடாதா?’

முசஃபா ஆபீஸில் பாதி நாற்காலி காலியாம். டீ போடவும் ஆளில்லையாம், சாரே போட்டுக் குடிக்கிறாராம்.

தாமரை அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். ‘பாவம். அவருக்கு யாருண்ணே லீவு குடுப்பா?’