கிளட்ச் இருந்த இடத்தில்

என் பாசத்துக்குரிய, சொன்ன பேச்சை ஒரு நாளும் கேட்காத அண்ணனுக்கு,

உன் டயர்களைக் கழற்றிவிட்டேன். வேறு யாராவது வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கோபமா? இருக்கட்டும். கோபப்பட்டாவது ஒரு சத்தம் கொடு.

நீ போன பிறகு உன் கார் மாக் மண்டின் தொழிற்பேட்டையில், உன் சிநேகிதர் சேகர் அண்ணனின் வொர்க்‌ஷாப்பிலேயே கிடந்தது. டிராக் ரேஸில் கண்மூடித்தனமாக ஓடிச் சாகப்போகிறான் என்று ஊரே உன்னைத் திட்டியது. நீயோ பேக்டரி கேண்டீனில், மீ கோரெங் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே நெஞ்சு நின்று போனாய். காருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

விற்பதற்கு அம்மா விடவில்லை. "அவன் ஒக்காந்த சீட்டும்மா அது. கண்டவன் ஒக்கார வேணாம்" என்றார். எனக்கு இருப்பதோ கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் மட்டும் ஓட்டும் ஆட்டோ லைசென்ஸ். கிளட்ச் மிதிக்கத் தெரியாதவளுக்கெல்லாம் லைசென்ஸா என்று நீ கிண்டலடித்தாயே, அதே லைசென்ஸ்தான். உனக்குப் பதில் ரேஸில் நானே ஓட்டுகிறேன் என்றேன். கடைசியில் சேகர் அண்ணன் உன் கியர்பாக்ஸை இறக்கிவிட்டு ஆட்டோ கியர்பாக்ஸைப் போட்டுக் கொடுத்தார். கிளட்ச் மிதி இருந்த இடம் வெறுமையாகிவிட்டது.

டயரைப் பற்றி அவர் அன்றைக்கே எச்சரித்தார். முன்பக்கம் நீ போட்டிருந்தது பக்கவாட்டில் மெத்தென்று மடியும் ஸ்லிக் டயர்.

"தங்கச்சி, ஒங்கண்ணன் ஓட்டுனது மேனுவல் காடி. கிளட்ச்ச வுட்டவொடனே டயருல ஒரே அடியா வந்து விழும். சைடு லெம்பெக்கா, மெத்துன்னு இருந்தாத்தான் மடிஞ்சி அந்த அடிய வாங்கிக்கும். ஆட்டோ காடி அடிக்காதுலா, தள்ளும். அதுக்கு ரேடியல் போடணும். சைடு கெட்டியா இருக்கும், வேகத்துல நேரா ஓடும்."

எனக்கும் இது தெரியாததல்ல. உன் டயரில் காற்று இறக்கி, சூடு பார்த்துக் கொடுத்தவளே நான்தானே. ஆனால் அம்மா, "அது அவன் போட்ட டயரு, இருக்கட்டுமே" என்று சொன்னபோது எனக்கும் கழற்ற மனம் வரவில்லை. அந்த டயரின் பக்கவாட்டு மடிப்பில் நீ கடைசியாக நசுக்கிய எலுமிச்சம்பழத்தின் விதை ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

முதல் பயிற்சி நாளில் அம்மாவும் கூட வந்தார். நீ செய்வதுபோலவே முன் டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நசுக்கிக்கொண்டு கிளம்பினேன். பாதி தூரம் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் நழுவியது. அப்போதுதான் கேட்டது. என் இடது காலுக்குப் பக்கத்தில், கிளட்ச் இருந்த இடத்தில், 'டொக்' என்று ஒரு தட்டல். உன் கால் கிளட்ச்சைத் தட்டுமே, அப்படியே.

திரும்பி வந்து காரை நிறுத்தியதும் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் முகத்தையே பார்த்தார்.

"வந்தானா?"

"கேட்டுச்சும்மா. அண்ணன் கால் மாதிரியே."

"ஏதாச்சும் சொன்னானா?"

பிறகு அம்மா தானாகவே குடிக்க ஒரு தே தாரிக் வாங்கி வரச் சொன்னார். உன் காரியம் முடிந்த நாளிலிருந்து அவர் தனக்கென்று வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை. அதை வாங்கப் போன இடத்தில் நின்று நான் அழுதேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயிற்சிக்கும் அம்மா கிளம்பிவிடுவார். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதே கேள்விதான், "வந்தானா?" நல்ல வேகம் பிடித்தால்தான் நீ வந்தாய். அதனால் நான் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினேன்.

சேகர் அண்ணன் காரை ஜாக்கியில் தூக்கி அடியில் படுத்துப் பார்த்தார். "பேயும் இல்ல, ஒண்ணும் இல்லலா. டயரு லெம்பெக், வேகத்துல காடி ஆடுது. ஆடுறப்ப, கிளட்ச்ச எடுத்த எடத்த மூடுன தகடு லூசாயி அடிக்குது. ரேடியல் போடு, சத்தம் நின்னுரும்" என்றார்.

சத்தம் நின்றுவிடும் என்றுதான் நான் போடவில்லை. உனக்குப் புரிகிறதா? தப்பான டயர் இருக்கும்வரை நீ இருந்தாய்.

அடுத்த பயிற்சியில் கார் பாதையை விட்டு விலகி ஓரச் சுவரை நோக்கிப் போனது. தட்டல் ஒன்று கேட்டது. சுவர் நெருங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆக்சிலரேட்டரை விட்டு என் வலது கால் மட்டும் எழவில்லை. இன்னொரு தட்டல் கேட்டுவிடட்டும் என்று காத்திருந்தேன். கார் எப்படித் திரும்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீயா திருப்பினாய்?

அம்மா வேலிக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அன்று எதுவும் கேட்கவில்லை. வீடு திரும்பும்போது பினாங்குப் பாலத்தின் நடுவில் வந்ததும் கடலைப் பார்த்தபடி பேசினார்.

"டயர மாத்திரும்மா."

"மாத்துனா அண்ணன் வராதும்மா."

"அவன் வராட்டி பரவால்ல. நீ வரணும்."

மறுநாளே சேகர் அண்ணனிடம் போய் ரேடியல் கேட்டேன்.

ரேடியல் போட்டு ஓட்டிவிட்டேன் அண்ணே. கோடு போட்டதுபோல நேராக ஓடியது உன் கார். ஸ்டியரிங் கையில் அப்படியே நின்றது. நீ பார்த்திருந்தால் உனக்கே பொறாமை வந்திருக்கும். பாதி தூரம் தாண்டியது, முடிவுக்கோடும் தாண்டியது. ஹெல்மெட்டுக்குள் "அண்ணே?" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் மட்டும்தான் இருந்தது. நீ செத்துப்போய்விட்டாய் என்று எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது.

திரும்பி வந்தபோது அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கையில் தே தாரிக்கோடு நின்றிருந்தார். எனக்காக வாங்கியது.

உன் பழைய டயர்கள் இப்போது நம் பிளாட்டில், சாமி மேடைக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கின்றன. ரப்பர் நாற்றம் தாங்கவில்லை என்று எதிர்வீட்டு அக்கா முணுமுணுக்கிறார். மதிய வெயிலில் வீடு சூடாகும்போது எலுமிச்சை வாசமும் வருகிறது. நசுங்கிக் காய்ந்துபோன பழத்துக்கு இன்னுமா வாசம் இருக்கும்? அம்மாவிடம் கேட்டேன். தனக்கும் வருகிறது என்றார். அந்த விதையை இருவருமே தொடுவதில்லை.

தகட்டை இறுக்கிவிடட்டுமா என்று சேகர் அண்ணன் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது தளர்ந்தே கிடக்கட்டும். காரை நேராக ஓட்டுவது என் வேலை. தட்டுவதும் தட்டாமல் இருப்பதும் உன் விருப்பம்.

ஆனால் ஒன்று. இனி உன்னைத் தேடிக்கொண்டு நான் அழுத்தமாட்டேன். நீ இருக்கும் இடத்துக்கு நானும் ஒரு நாள் வந்துதான் ஆகவேண்டும், அப்போது பேசிக்கொள்வோம். அதுவரை பொறுத்துக்கொள் அண்ணே. அம்மாவுக்கு முந்தி நான் வரமாட்டேன். இது சத்தியம்.

இன்னும் கிளட்ச் மிதிக்கத் தெரியாத,
உன் ஒரே தங்கச்சி