குவிமாடத்தில் ஒரு முத்திரைப் பள்ளம்

வளம் பெருகுக. ஏழு துறைகளுக்கும் இரு மலைகளுக்கும் காவல் பூண்டு, நெடுங்கரை நாட்டின் மணிமுடி தாங்கும் அரசி அல்லியங்கோதை, சிறுதுறை நாட்டில் கப்பல்களுக்குச் செப்பாணி வார்த்துவரும் பெருங்கன்னார் எயினன் ஆதனாருக்குத் தன் கையாலேயே எழுதும் ஓலை. உம்மை ஏற்றுக் காத்துவரும் அந்நாட்டு வேந்தரின் கொற்றம் நிலைபெறுக. அவருடைய கலங்கள் காற்றோடு இசைந்து கரை சேர்க. உமது உலை அவியாதிருக்க.

எட்டு ஆண்டுகளுக்கு முன், பேரவை மண்டபத்துச் சாரத்தின் உச்சியில் நின்று நாம் பேசியது உமக்கு நினைவிருக்கும். இத்தனை பெரிய குவிமாடத்துக்கு விரல் நகத்தின் கனத்தில் செப்புத் தகடு போட்டிருக்கிறீரே, இது துணிச்சலா கருமித்தனமா என்று நான் கேட்டேன். தேவி, சுமக்கிற வேலையை வளைவு பார்த்துக்கொள்ளும், தகடு அதற்குத் துணைக்கு வந்திருக்கிறது என்றீர். பிறகு என் கையில் முத்திரை அச்சையும் சம்மட்டியையும் கண்டு சற்றே தயங்கி, அதை அடித்தளக் கல்லில் பதித்தால் ஆகாதா என்றீர். கலசத்தையே தாங்கப்போகிற மாடம் என் கட்டைவிரல் அகல முத்திரைக்கு அஞ்சுகிறதா, இல்லை அதைச் செய்தவர்தாம் அழகு கெட்டுவிடுமென்று அஞ்சுகிறாரா என்று நான் சீண்டினேன். அரசி கையில் சம்மட்டி இருக்கும்போது அஞ்சாத கன்னார் எந்த நாட்டில் இருக்கிறார் என்று சிரித்து, நீர் விலகி நின்றீர்.

முடிந்த பணி எதுவாயினும், மணியோ கதவோ மாடமோ, ஆள்பவர் தம் கையால் அதில் முத்திரை அடிப்பது எம் குல வழக்கம். நானும் ஓங்கி ஓர் அடி அடித்தேன்.

நான்காம் நாள் நண்பகலில் கலசம் ஏறியது. ஏறிய கணமே மாடம் உள்வாங்கி மடிந்தது. சாரத்தில் நின்ற இருவருக்குக் கால் முறிந்தது, உயிர்ச்சேதம் இல்லை. அவையில் அமைச்சர்கள் வினவியபோது, கணிப்பு என்னுடையது, ஆகையால் பிழையும் என்னுடையது என்று சொல்லி, பெருங்கன்னார் பட்டத்தின் செப்புக் காப்பைக் கழற்றி என் முன் வைத்தீர். முத்திரையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு கட்டைவிரல் பள்ளம் மாடத்தை வீழ்த்துமென்று எவர் நம்புவார்? நானும் நினைக்கவில்லை, நீர் துறை கடந்து நாடு நீங்கியபோது தடுக்கவும் இல்லை.

சென்ற ஆண்டு, விழுந்த தகடுகளை உருக்கிப் புது மாடம் எழுப்ப ஆணையிட்டேன். உருக்குவதற்கு முன் மூத்த கன்னார் தித்தன் அவற்றை முற்றத்தில் பொருத்தி விரித்து என்னை அழைத்துக் காட்டினார். மடிப்புகள் யாவும் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு, சாய்சதுரம் சாய்சதுரமாகப் பரவியிருந்தன. புறப்பட்ட இடத்தில் என் முத்திரை இருந்தது.

கண்டதை நம்ப மனமின்றிச் சோதித்தோம். அரண்மனைச் செப்புக் கலங்களை உருக்கி ஒரே அச்சில் இருபத்து நான்கு சிறு மாடங்கள் செய்து, அவற்றுள் பன்னிரண்டில் மட்டும் சிறு முத்திரை அடித்து, மணல் மூட்டைகளை ஏற்றினோம். முத்திரை இல்லாதவை இருபது முதல் முப்பது மூட்டை வரை தாங்கின. முத்திரை பெற்றவற்றில் ஒன்றுகூட ஒன்பதைக் கடக்கவில்லை. இப்படியே போனால் அரண்மனைச் சமையலுக்கு மண்சட்டிதான் மிஞ்சும் அம்மா என்று தித்தன் குறைப்பட்டார். ஆயினும் மறுநாள் தம் வீட்டு அண்டாவையே சோதனைக்குச் சுமந்து வந்தார்.

நாங்கள் அறிந்தது இதுவே. தடித்த சுவர் ஒரு பள்ளத்தைப் பொருட்படுத்தாது. மெல்லிய மாடமோ தன் பாரத்தை வளைவின் வழியே கீழே அனுப்புகிறது. தகட்டின் கனமளவே ஆழமுள்ள ஒரு பள்ளம் விழுந்தாலும் அங்கே வளைவு கெடுகிறது; வழி தப்பிய பாரம் பள்ளத்தை ஆழமாக்க, பக்கத்துத் தகடும் இணங்கி மடிகிறது. முத்திரையில்லாத மாடங்களும் ஒன்றுபோல் தாங்காததன் காரணம், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளங்கைக்கு மட்டும் தெரிந்த மேடுபள்ளங்கள். உமது கணிப்பில் ஒரு குறையும் உண்டு, ஆதனாரே: எல்லாக் கைகளும் உமது கையைப்போல் மென்மையானவை என்று எண்ணிவிட்டீர்.

இப்போது புது மாடம் நிற்கிறது. கணிப்பு காட்டிய பாரத்தில் மூன்றில் ஒரு பங்கையே நம்பி, உட்புறம் விலா எலும்பு போன்ற மெல்லிய சட்டங்கள் வைத்து, இருவர் தடவித் தேறிய தகடுகளை மட்டுமே ஏற்றி எழுப்பினோம். அதே கலசத்தைச் சுமந்து ஒரு பெருமழைக்காலத்தைக் கடந்துவிட்டது. வெயிலில் அது மின்னுவதைத் துறையில் இறங்குவோர் நின்று பார்க்கிறார்கள். என் கன்னார்களை எண்ணி எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. முத்திரையை அடித்தளக் கல்லில் பதித்தேன். அதனடியில், முன்பு விழுந்த மாடம் அரசியின் கையால் விழுந்தது, ஆதனார் கையால் அன்று என வெட்டுவித்தேன். எம் குலத்தில் எவரும் தம் தவற்றைக் கல்லில் வெட்டியதில்லை. நான் தலை நிமிர்ந்தே வெட்டினேன்.

ஆகவே ஆணை: இனி எம் நாட்டில் ஆள்பவர் எவரும் மெல்லிய மாடத்தின்மேல் முத்திரை அடிக்கலாகாது. பெருங்கன்னார் பட்டம் உமக்கே உரியது. செப்புக் காப்பு இவ்வோலையுடன் வருகிறது. ஏழு துறைக் காவலரும் உம்மை மறிக்காமல் வழிவிடுக. ஏட்டின்மேல் அழுத்த மனமின்றி, கட்டிய நூலின் முடிச்சில் அரக்கு வைத்து முத்திரையிடுகிறேன்.

இனி எழுதுவது ஆணையன்று. அன்று சாரத்தின் உச்சிக்கு நான் ஏறிவந்தது முத்திரை அடிப்பதற்காக மட்டுமல்ல. கேட்க வந்ததைக் கேட்க வாய் வராமல் உம்மைச் சீண்டினேன். கேளாத கேள்வியின் வேகத்தில்தான் சம்மட்டியை ஓங்கினேன். எட்டு ஆண்டுகளாக என்னுள் இருந்ததை இன்று கேட்கிறேன். ஆதனாரே, என்னை மணந்துகொள்வீரா?