பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி

இல்லைங்கப்பா, அதை இன்னும் தூக்கிப் போடவில்லை. அதே பழைய கம்ப்யூட்டர்தான். இன்று காலை கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். தீவன மாவு உதிர்ந்தது. கோழிக்கொட்டகையிலிருந்து கை கழுவாமல் நேராக வந்து உட்காருவீர்களே, அந்த மாவு. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இன்னும் உதிர்கிறது.

நீங்கள் இதில் உட்கார்ந்த அந்த நாட்களில் நான் காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன். நாம் இருவரும் பேசிக்கொள்வதில்லை. கம்ப்யூட்டரில் முழு அதிகாரமும் உங்களுடையது. திரையில் எது வந்து கேட்டாலும் சரி என்று அழுத்திவிடுவீர்கள். “பாவம், கேக்குதில்ல” என்பீர்கள். ஒருநாள், வேகமாக்கித் தருகிறேன் என்று வந்த ஏதோ ஒன்றுக்கும் சரி கொடுத்தீர்கள். மறுநாள் கம்ப்யூட்டர் எழவே இல்லை. எந்தக் கொட்டகைக்கு எந்தத் தேதியில் எந்தத் தடுப்பூசி என்று ஏற்றி வைத்திருந்தது மொத்தமும் போனது. காலி மருந்துக் குப்பிகளைப் பரப்பி வைத்து, யோசித்து யோசித்து நீங்கள் நோட்டில் எழுதியதைப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அட்மின் உரிமையை என் பெயரில் வைத்துக்கொண்டேன். நீங்கள் வெறும் யூசர். எழுதலாம், பார்க்கலாம், புதிதாக எதையாவது சேர்க்க வேண்டுமென்றால் என் பாஸ்வேர்ட் கேட்கும். காலேஜ் ரோல் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்தேன். வேறு எதற்கு அது இனி உதவப் போகிறது?

பாஸ்வேர்ட் கேட்கும் அந்தப் பெட்டி முதல்முறை திரையில் வந்தபோது கத்தினீர்கள். “என்ற ஊட்டுல நான் ஆருகிட்டடா அனுமதி கேக்கோணும்?”

“எங்கிட்டத்தானுங்க” என்றேன்.

அம்மா சிரித்துவிட்டாள். நீங்கள் சிரிக்கவில்லை.

அதன்பிறகு கம்ப்யூட்டர் ஒருமுறைகூடப் படுக்கவில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது “சாமி, கேக்குது வா” என்று என்னைக் கூப்பிடும் உங்கள் குரல் வரும். பிரிண்டருக்கு, தமிழ் ஃபாண்டுக்கு, எதற்காவது. உங்கள் தோளுக்கு மேல் கையை நீட்டிப் பாஸ்வேர்டை அடிப்பேன். நீங்கள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள்.

“சாப்புட்டயா?”

“ம்.”

நம் பேச்சு அவ்வளவுதான். சொந்த வீட்டில் உங்களை அனுமதி கேட்க வைத்துவிட்டேன் என்பது நீங்கள் போனபிறகுதான் உறைத்தது. எட்டு மாதமாக அதே நினைப்பு. அலுத்துவிட்டது அப்பா.

போன வாரம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்:

“அந்த நம்பர் அவருக்குத் தெரியாதாக்கும்? உன்ற சர்டிபிகேட்ட வாங்க காலேஜுக்கு நாலு தடவ அலஞ்சது ஆரு? நீ இல்லாதப்ப அவரே போட்டுக்குவாரு.”

“அப்புறம் எதுக்கு என்னையக் கூப்புட்டாரு?”

“‘அவனுக்கும் ஒரு வேலை வேணுமல்ல’ம்பாரு.”

குத்தலா, பாசமா? உங்களிடம் இரண்டும் ஒரே குரலில்தான் வரும். இப்போது நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு வேலைக்குப் போகிறேன். போகும்போதும் வரும்போதும் அந்த ஒரு வரிதான் கூடவே வருகிறது. பாஸ்வேர்டை மாற்றவில்லை. தடுப்பூசித் தேதிகளை இப்போது அம்மாதான் ஏற்றுகிறாள்.

இதோ, உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். “சாமி, கேக்குது வா.”

அவளுக்கும் அந்த நம்பர் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்டுப் பார்க்கவில்லை. நான் போகணும்.