ஆரஞ்சு மரத்துக்கு ஏற்றிய ட்ரிப்ஸ்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். மரங்களும் நலம் என்று சேர்த்து எழுதத்தான் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. ஆரஞ்சு இலையெல்லாம் வெயிலில் கருகிவிட்டது என்று போனில் சாதித்தேனே, வெயில் பாவம், கருக்கியது நான்தான். இலை மஞ்சளடித்துப் பிஞ்சு கொட்டுகிறதே என்று இலையில் தெளிக்கிற உரம் வாங்கி வந்தேன். தெளிக்கிற ஒரு டேங்குத் தண்ணிக்கு ஒரு மூடி போதும்மா என்றுதான் கடைக்காரர் சொன்னார். விருந்தாளிக்குக் காபி ஊற்றிப் பழகிய கை கேட்குமா, மூன்று மூடி ஊற்றி உச்சி வெயிலில் அடித்துவிட்டேன். இலையெல்லாம் இஸ்திரிப் பெட்டி சுட்ட துணி மாதிரி ஆகிவிட்டது.

உன் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயம். அந்த மர வரிசையை ஒரு சுற்றுச் சுற்றினார், போய் மரம் வெட்டுகிறவரைப் பார்த்தார், சனிக்கிழமை வர்றேன்னுட்டாரு என்றார், பல் பிடுங்க நாள் குறித்தவர் மாதிரி. நீ நர்ஸ் ஆனதே அந்த வரிசை மரத்தால்தான், உன் ஹாஸ்டல் பெட்டியும் வெள்ளை ஷூவும் அதில் காய்த்தவை. அதனால்தான் உனக்குப் போன் போட்டு வெயில் மேல் பழி சொன்னேன். நீயும் நம்பினவள் மாதிரியே கேட்டுக்கொண்டு, உன் வார்டில் கால் உடைந்து படுத்திருந்த தோட்டக்கார அண்ணனை விசாரித்துச் சொன்னாய். வேர் மந்தமா இருக்கும்மா, சாப்பிட முடியாதவங்களுக்கு ட்ரிப்ஸ் ஏத்தற மாதிரிதான் இலையில உரம் தெளிக்கிறது, மெதுவாத்தான் போகணும், மூடியை மட்டும் எண்ணி ஊத்து என்றாய். அந்தக் கடைசிப் பேச்சிலேயே என் குட்டு உனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது, சட்டென்று போனை வைத்துவிட்டேன்.

நீ சொன்னாய் என்றதும் அப்பா வெட்டுகிறவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டார், நான் சொல்லியிருந்தால் கேட்கிற ஆளா அவர். வேருக்குத் தண்ணீரும் மட்கிய எருவும் கொடுத்தோம், ட்ரிப்ஸிலேயே யாரும் உயிர் வாழ முடியாது என்று நீதானே சொன்னாய். புதுத் துளிர் வந்ததும் அரை மூடியில் ஆரம்பித்தேன். வெயில் ஏறுமுன், காற்று இல்லாத நேரமாகப் பார்த்து, ஒட்டிக்கொள்ள ஒரு சொட்டு சோப்பு நீர் சேர்த்து, நனையலாம் சொட்டக் கூடாது என்று அடித்தேன். இலைக்கு வாய் அடிப்பக்கம் என்கிறாய், நான் இத்தனை வருஷம் அதன் முதுகில் சோறு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது இலை கரும்பச்சை, பிஞ்சு கொட்டுவது நின்றுவிட்டது. பொறுத்துப் பார்த்த வெட்டுகிறவர் ரம்பத்தோடு வந்தார், அண்ணாந்து பார்த்தார், இதை வெட்டினா என் கை விளங்காதுங்க, பழுத்தா சொல்லுங்க, பறிக்க வர்றேன் என்று காபி குடித்துவிட்டுப் போனார். நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன், வெங்காயம் என்று அப்பாவிடம் சொன்னேன். அன்று வெங்காயமே நறுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. திட்டாத மனுஷனும், குட்டை உடைக்காத மகளும் எனக்கு வாய்த்ததற்கு யாருக்கு நன்றி சொல்வேன். உன் வார்டு தோட்டக்கார அண்ணனுக்குக் கால் கூடிவிட்டதா, முதல் பழம் அவருக்குத்தான் என்று சொல்.

நீ போகிற வழியெல்லாம் நிழலாக இருக்கட்டும். உன் கை பட்டவர்கள் எழுந்து நடக்கட்டும். ஊருக்கெல்லாம் ட்ரிப்ஸ் ஏற்றிவிட்டு நீ வெறும் காபியில் ஓடாதே, வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் மூன்று மூடி அம்மா

மறந்துவிட்டேன், இன்னொன்று. இன்று காலை அடி இலைக்காக மேல் நோக்கி அடித்துக்கொண்டிருந்தேன். மரத்துக்கு அந்தப் பக்கம் உன் அப்பா நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தது எனக்குத் தெரியாது. வழுக்கை முழுக்கச் சீராக நனைந்தது, சொட்டவில்லை. அளவு சரியாகத்தான் கலந்திருந்தேன். வெயில் ஏறுவதற்குள் குளிக்க அனுப்பிவிட்டேன். இதுவரை துளிர் ஒன்றும் இல்லை.