கடலில் படி இல்லை

அப்பாவுக்கு மைதிலி வணங்கி எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

வெப்பத்தில் வெளுத்துச் செத்த பவளப்பாறைகளுக்கு நடுவே, உயிருள்ள பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறோம் அல்லவா? சென்ற வாரம் அவற்றை அளந்துவிட்டு மேலே வந்தவள், முக்குளிக்கும் கண்ணாடியைக் கழற்றி, நம் கிணற்றில் செய்வதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு படிக்கட்டுக்குக் கையை நீட்டினேன். “படியப் புடிச்சுக்க சாமி” என்று நீங்கள் மேலேயிருந்து சொல்வதுகூடக் கேட்டது. கைக்குத் தண்ணீர்தான் அகப்பட்டது. அதற்குள் நீரோட்டம் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. கடல்பாசி எடுக்க வந்த ராக்கம்மா அக்கா என்னைப் படகில் ஏற்றிவிட்டு, “கடல்ல ஏது தாயி படி?” என்று சிரித்தார். பயப்படும்படி ஒன்றுமில்லை. இடுப்புப் பையில் இருந்த போன்தான் உப்புத்தண்ணீர் குடித்துவிட்டது; அதனால் இந்தக் கடிதம்.

துண்டுகள் ஒரு விரல் அகலம் வளர்ந்துவிட்டன. ஊரிலிருந்து யாராவது ராமேஸ்வரம் வந்தால் அரைக்கிலோ கொள்ளு கொடுத்தனுப்புங்கள். அப்படியே, கிணற்றில் இப்போது எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எண்ணி எழுதுங்கள். அந்த மூலை உடைந்த படி தண்ணீருக்குள்தான் இருக்கிறதா?

படகிலிருந்து கூப்பிடுகிறார்கள். இனிமேல் கண்ணைத் திறந்துகொண்டுதான் மேலே வருவேன்.

மைதிலி